சீருடைக்குள் ஒரு பதின்பருவம்: பணியிட உடைக் கட்டுப்பாடும் தலித் இளந்தொழிலாளர் உரிமையும்

நூற்பாலையில் வேலை செய்யும் 17 வயதுப் பெண் தலையில் ஒரு முழம் பூ வைத்துக்கொண்டு ஷிப்டுக்கு வந்தால் அவளுக்கு அபராதம் விதிக்கலாமா? ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கும் 16 வயதுப் பையனின் கையிலுள்ள அம்பேத்கர் பச்சையை முழுக்கைச் சட்டை போட்டு மறைக்கச் சொல்லலாமா? புதிதாக அரும்பிய மீசையை எடுத்துவிட்டு வரும்படி உத்தரவிடலாமா? சீருடைக்கான பணத்தை முதல் மாதக் கூலியில் பிடித்துக்கொள்ளலாமா?

சட்ட உதவிப் பணியில் இத்தகைய கேள்விகளை நாங்கள் அடிக்கடி எதிர்கொள்கிறோம். அவை முதன்மைப் புகாராக வருவது அரிது. கூலி பாக்கி, கூடுதல் நேர வேலை, சூப்பர்வைசரின் வசவு ஆகியவற்றைச் சொல்லி முடித்த பிறகு, தயக்கத்துடன் கடைசியாகச் சொல்லப்படும் செய்தியாகவே வருகின்றன. சொல்பவர்களே அதைச் சிறிய விஷயம் என்று எண்ணுகிறார்கள். பெற்றோர் பலரும் “வேலைக்குப் போகும் இடத்தில் அலங்காரம் எதற்கு?” என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள்.

ஒரு முழம் பூவுக்கு என்ன வழக்கு என்று சட்டம் படித்தவர்களும் கேட்பதுண்டு. தலித் மக்களின் உடை வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். நம் மக்களின் உடைமீது விதிக்கப்பட்ட தடைகள் எப்போதும் அவர்களின் உழைப்பின்மீது விதிக்கப்பட்ட கட்டளைகளோடு சேர்ந்தே வந்திருக்கின்றன. எனவே ஒரு பணியிடத்தின் உடை விதியை ஆராயும்போது, அது பாதுகாப்புக்காக வகுக்கப்பட்டதா, அல்லது உழைப்பவரை அவரது ‘இடத்தில்’ நிறுத்திவைப்பதற்காக வகுக்கப்பட்டதா என்பதை முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் என்ன விடை இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

உடைத் தடையும் உழைப்புக் கட்டளையும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் அணியக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியால் மறைக்கக் கூடாது. பூச்சூடவோ மஞ்சள் பூசவோ கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது.

அடுத்த ஆண்டு, 1931 ஜூனில், பட்டியல் பதினொன்றாக விரிந்தது. இரண்டாவது பட்டியலில் முழங்காலுக்குக் கீழே உடை, பொன் நகை ஆகியவற்றுக்கான தடைகளோடு வேறு சில விதிகளும் சேர்ந்தன. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது; மிராசுதாரரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். ஆண்களும் பெண்களும் பண்ணைகளில் அடிமைகளாக வேலை செய்ய வேண்டும். காலை 7 மணி முதல் மாலை 6 மணிவரை உழைக்க வேண்டும். நாட்கூலி ஆணுக்கு நான்கணா, பெண்ணுக்கு இரண்டணா.

உடை விதி, பள்ளித் தடை, வேலை நேரம், கூலி ஆகிய நான்கும் ஒரே பட்டியலில் இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். சட்டை போட்டுக்கொண்டு கிராப்பு வெட்டிய பையனை மாடு மேய்க்க ஏவுவது கடினம் என்பதை அந்தப் பட்டியலை எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

இதற்கு முன்பே, திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் நீண்ட போராட்டத்தை அடுத்து 1859 ஜூலை 26 அன்று அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மேலுடம்பை மறைக்கலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மறைக்கக் கூடாது என்பதே அதன் சாரம். உரிமையை வழங்கும்போதே வேறுபாட்டையும் நிலைநிறுத்திய ஆணை அது. 1893இல் அய்யன்காளி, புலையர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த வெள்ளை வேட்டியும் தலைப்பாகையும் அணிந்து பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டினார். 1915இல் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் தொடங்கிய போராட்டத்தில், அடிமை அடையாளமாகக் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளைப் புலையப் பெண்கள் அறுத்தெறிந்தனர். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம் அண்ணல் அம்பேத்கர், தீண்டாமையை அடையாளம் காட்டும் புடவைக்கட்டையும் கனத்த ஆபரணங்களையும் கைவிடச் சொன்னார்.

ஆகவே பூ, மீசை, செருப்பு, தலைமுடி ஆகியவை நம் சமூகத்தில் வெறும் அலங்காரப் பொருள்களாக இருந்ததில்லை. ஒரு தலித் இளைஞர் தன் தோற்றத்தைத் தானே தேர்ந்தெடுப்பது மூன்று தலைமுறைகளுக்கு முன் தண்டனைக்குரிய செயலாக இருந்தது. 2017இல் குஜராத்தில் மீசை வைத்திருந்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் மீசையுடன் கூடிய படங்களைச் சமூக ஊடகங்களில் தங்கள் அடையாளமாக வைத்தார்கள். அந்த நினைவு இன்னும் உயிருடன் இருக்கிறது.

இன்றைய பணியிடங்கள்

தமிழ்நாட்டில் பதின்பருவத்தினர் சீருடை அணிந்து வேலை செய்யும் இடங்கள் பல. திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களின் நூற்பாலைகளும் ஆயத்த ஆடை நிறுவனங்களும் அவற்றுள் முதன்மையானவை. பெருநகர ஜவுளிக்கடைகள், நகைக்கடைகள், உணவகங்கள், சூப்பர் மார்க்கெட்டுகள் ஆகியன அடுத்து வருகின்றன.

நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்த முறையை வாசகர்கள் அறிவார்கள். மூன்றாண்டு வேலை முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிக் கிராமங்களிலிருந்து இளம்பெண்களைச் சேர்ப்பார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ நிறுவனமும் இந்தியக் குழுவும் 2011லும் 2014லும் வெளியிட்ட ஆய்வறிக்கைகள், இவ்வாறு சேர்க்கப்பட்டவர்களில் கணிசமானோர் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பதையும், விடுதிகளில் அவர்களின் நடமாட்டமும் தொலைபேசிப் பயன்பாடும் கட்டுப்படுத்தப்பட்டதையும் பதிவு செய்தன.

இப்பணியிடங்களில் உடை விதி வேலைத் தளத்தோடு நிற்பதில்லை. ஏப்ரன், தொப்பி, முகக்கவசம் ஆகியவை ஷெட்டுக்குள் தேவைப்படுபவை. ஆனால் விடுதியிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும்போதும் என்ன உடுத்தலாம் என்பதை வார்டன் தீர்மானிக்கும் இடங்களைப் பற்றி எங்களிடம் பேசிய பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பல ஆலைகளில் பயிற்சியாளர், இயக்குநர், உதவியாளர், மேற்பார்வையாளர் என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம் உண்டு. துப்புரவுப் பணியாளருக்கும் தனி நிறம். எந்த நிறத்தில் எந்தச் சாதியினர் நிறைந்திருக்கிறார்கள் என்பதை அங்கே வேலை செய்பவர்கள் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜவுளிக்கடைகளில் நிலை வேறு. அங்கே உடை வாடிக்கையாளரின் பார்வைக்காக அணியப்படுகிறது. பெண்களுக்கு ஒரே நிறப் புடவை, ஆண்களுக்குச் சட்டை, பேண்ட், ஷூ. நாள் முழுதும் நிற்க வேண்டும் என்பதும் அந்தத் ‘தோற்றத்தின்’ பகுதியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, பணியாளர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்ட பிறகே உட்காருவது உரிமையாயிற்று. தொழிலாளரின் உடல் எப்படித் தோன்ற வேண்டும் என்று முதலாளி சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சட்டமன்றமே ஏற்றுக்கொண்ட சான்று அது.

வயதை மறைக்கும் சீருடை

பதின்பருவத்தினரைப் பொறுத்தவரை சீருடைக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஏப்ரனும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து வரிசையில் நிற்கும் ஐம்பது பேரில் யாருக்கு வயது 15, யாருக்கு 25 என்று ஆய்வுக்கு வரும் அதிகாரியால் சொல்ல முடியாது. குழந்தை அங்கே காணாமற்போகிறாள்.

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம், 1986, அதன் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற குறுகிய விலக்குகளே உண்டு. 14 முதல் 18 வயதுக்குட்பட்டோரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. இதை மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையோ, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கடை, உணவகம், பட்டறை முதலிய இடங்களில் வளரிளம் பருவத்தினர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யக் கூடாது. ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு மணி நேரமே எல்லை. இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. கூடுதல் நேர வேலையும் கூடாது. அவர்களின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வளரிளம் பருவத் தொழிலாளர் மருத்துவத் தகுதிச் சான்றுக்கான அடையாள வில்லையைப் பணியின்போது உடன் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. இளந்தொழிலாளர் தனித்து அறியப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். சீருடை அந்த நோக்கத்துக்கு எதிராக வேலை செய்கிறது. எனவே ஒரு சிறுமி தொப்பிக்குக் கீழே பூ வைத்துக்கொள்வதையும், தன் பெயரை ஏப்ரனின் ஓரத்தில் நூலால் தைத்துக்கொள்வதையும் நாம் குறும்பாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. தான் யார் என்பதை அவள் அங்கே பதிவு செய்கிறாள்.

முதலாளி எதைக் கேட்கலாம்?

பாதுகாப்பு தொடர்பான உடை விதிகளை நாம் எதிர்க்கவில்லை. ஓடும் இயந்திரத்தில் பின்னலோ துப்பட்டாவோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. கண்ணாடி வளையலும் தளர்ந்த உடையும் அங்கே கூடாது என்பது நியாயம். நூலில் முடியும் பிற இழைகளும் கலப்பதைத் தவிர்க்கத் தொப்பி தேவை என்பதும் நியாயம். உணவு தயாரிக்கும் இடத்தில் தலைக்கவசமும் சுத்தமான மேலுடையும் அவசியம்.

ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டும் முதலாளிக்கு அதற்கான கடமையும் உண்டு. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கும் தொழிலாளிக்கு இறுக்கமான உடையை நிறுவனமே வழங்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறியது. ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் இயந்திரத்தின் முதன்மை இயக்கப் பகுதிகளைச் சுத்தம் செய்யவோ எண்ணெயிடவோ பெண்களையும் இளையோரையும் அனுமதிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு கூறியது. பூவுக்காகச் சிறுமியைத் திட்டும் நிறுவனம், ஓடும் இயந்திரத்தை அவளைக் கொண்டு துடைக்கவைத்தால் அதன் அக்கறை எதன்மீது என்பது விளங்கிவிடும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு, 2020, பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எந்த ஏற்பாட்டுக்கும் தொழிலாளரிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று முதலாளியின் கடமையாக வரையறுக்கிறது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 114ஆம் பிரிவும் இதே போன்ற பாதுகாப்பை அளித்திருந்தது. ஆகவே தொப்பி, முகக்கவசம், காலணி ஆகியவை பாதுகாப்புக்கானவை என்றால் அவற்றின் விலையைக் கூலியில் பிடிக்க இயலாது. பாதுகாப்புக்கானவை அல்ல என்றால், பாதுகாப்பின் பெயரால் அவற்றைத் திணிக்க இயலாது.

எங்களிடம் வரும் ஒவ்வொரு உடை விதியையும் நான்கு கேள்விகளால் சோதித்துப் பார்க்கிறோம்.

1. இந்த விதிக்கும் செய்யும் வேலைக்கும் உள்ள தொடர்பு என்ன? இயந்திரத்தருகே பொருந்தும் விதி சாப்பாட்டுக்கூடத்திலும் விடுதியிலும் ஏன் தொடர்கிறது?

2. விதி எல்லோருக்கும் ஒன்றா? சூப்பர்வைசரின் நெற்றிக் குறியும் கைக்கயிறும் அனுமதிக்கப்படும் இடத்தில், அம்பேத்கர் பச்சைக்கு மட்டும் தடை இருந்தால் அது பாகுபாடு.

3. விதி எழுத்தில், தொழிலாளருக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? நிலையாணைகள் பொருந்தும் நிறுவனங்களில் நடத்தை விதிகள் சான்றளிக்கப்பட வேண்டும். முன்பு 100 தொழிலாளர்களுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு, புதிய தொழில் உறவுத் தொகுப்பில் 300ஆக உயர்த்தப்பட்டிருப்பதால் ஏராளமான சிறு ஆலைகள் இந்தக் கடமையிலிருந்து விடுபட்டுள்ளன.

4. மீறினால் என்ன நடக்கிறது? நினைவூட்டலா, ஊதியப் பிடித்தமா, எல்லோர் முன்னிலையிலும் அவமானமா?

அபராதமும் பிடித்தமும்

உடை விதியை மீறியதற்காகக் கூலியில் 50, 100 என்று பிடிப்பது வழக்கமாகிவிட்டது. சட்டத்தில் இதற்குக் கடுமையான வரம்புகள் உள்ளன. ஊதியத் தொகுப்பு, 2019இன் 19ஆம் பிரிவின்படி, எந்தச் செயல்களுக்கு அபராதம் என்பதை அரசின் முன் ஒப்புதலோடு பட்டியலிட்டுப் பணியிடத்தில் அறிவிப்பாக ஒட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாத செயலுக்கு அபராதம் விதிக்க முடியாது. விதிப்பதற்கு முன் தொழிலாளர் விளக்கமளிக்க வாய்ப்புத் தர வேண்டும். ஓர் ஊதிய காலத்தில் மொத்த அபராதம் ஊதியத்தில் மூன்று விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000 ரூபாய் பெறுபவருக்கு எல்லா அபராதங்களும் சேர்ந்து 300 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தவணையாகவும், 90 நாட்களுக்குப் பின்பும் வசூலிக்கக் கூடாது. 15 வயது நிறையாதவருக்கு அபராதமே விதிக்கக் கூடாது. வசூலித்த தொகையைப் பதிவேட்டில் எழுதித் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும். 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்திலும் இந்த விதிகள் பெரும்பாலும் இவ்வாறே இருந்தன. ஆகவே இவை புதியவை என்று எந்த நிறுவனமும் சாக்குச் சொல்ல முடியாது.

அபராதம் பற்றிய புகாரை விசாரிக்கும்போது, அறிவிப்புப் பலகையின் படத்தையும் அபராதப் பதிவேட்டையும் கேளுங்கள் என்றே தொழிலாளர் துறையிடம் நாங்கள் முதலில் மனுச் செய்வோம். இரண்டும் இல்லாத இடத்தில் பிடித்தம் சட்டவிரோதம் என்று நிறுவ வேறு சான்று தேவைப்படுவதில்லை.

குற்றமாகும் எல்லை

சில செயல்கள் தொழிலாளர் சட்டத்தைத் தாண்டிக் குற்றவியல் சட்டத்துக்குள் வருகின்றன. பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டம், 1989, 2015இல் திருத்தப்பட்டபின் அதன் 3(1)(இ) பிரிவு, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரின் உடையைக் களைவது, தலையை மழிப்பது, மீசையை எடுப்பது போன்ற கண்ணியத்துக்கு இழிவான செயல்களை வலுக்கட்டாயமாகச் செய்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறையும் அபராதமும். ‘முடி நீளம்’ என்று சொல்லி எல்லோர் முன்னிலையிலும் ஒரு பையனின் முடியைக் கத்தரித்துவிடும் மேலாளர், பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால் இப்பிரிவின் வரம்புக்குள் வரலாம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் பலர் காண வேண்டுமென்றே அவமதிப்பதும் தனிக் குற்றங்கள்.

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் நகையும் அலங்காரமும் அணிவதைத் தடுப்பதைக் குற்றமாகக் குறிப்பிடுகிறது. இன்று அரிதாகவே நினைவுகூரப்படும் இந்த வாசகம், 1930ஆம் ஆண்டுப் பட்டியலுக்குக் குடியரசு அளித்த நேரடி விடை.

உடைச் சோதனை என்ற பெயரில் ஆண் மேற்பார்வையாளர் சிறுமியைத் தொட்டால் போக்சோ சட்டம், 2012 பொருந்தும். உடை, உடல் குறித்த பாலியல் பேச்சு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும். கூலியை நிறுத்திவைத்துக் கொத்தடிமையைப் போல வைத்திருந்தால், 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 79ஆம் பிரிவு துணைநிற்கும்.

தனியார் பணியிடத்தில் அரசியலமைப்பு

உடை கருத்து வெளிப்பாட்டுரிமையின் பகுதி என்பதை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் ஏற்றுக்கொண்டது. தன் பாலின அடையாளத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது 19(1)(அ) பிரிவின் பாதுகாப்புக்கு உரியது என்று அத்தீர்ப்பு கூறியது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துக்குரிய சீருடைக்குள் தன்னை அடைத்துக்கொள்ள முடியாத இளந்திருநர்களுக்கு இத்தீர்ப்பும், வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் உதவக்கூடியவை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் வழங்கிய புட்டசாமி தீர்ப்பில், எதை உண்பது, எப்படி உடுத்துவது என்று அரசு சொல்வதை யாரும் விரும்பமாட்டார்கள் என்ற கருத்தை நீதிபதி செலமேஸ்வர் முன்வைத்தார்.

இவை அரசுக்கு எதிரான உரிமைகள்தானே, தனியார் முதலாளியை எப்படிக் கட்டுப்படுத்தும் என்ற கேள்வி எழும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவும், கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23ஆம் பிரிவும், குழந்தைத் தொழிலாளர் தொடர்பான 24ஆம் பிரிவும் தனியாருக்கு எதிராகவும் செல்லும் என்பது 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுத் தொழிலாளர் வழக்கிலேயே தெளிவாக்கப்பட்டது. 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் ஐவர் அமர்வின் பெரும்பான்மை, 19, 21 ஆகிய பிரிவுகளின் உரிமைகளையும் அரசு அல்லாதோருக்கு எதிராக நிலைநாட்டலாம் என்றது. நடைமுறையில் ஓர் ஆலைத் தொழிலாளியின் பூவை முன்வைத்து இந்த வாதம் வெல்வது எளிதன்று. ஆனால் பாகுபாடும் அவமதிப்பும் சேர்ந்து நிற்கும் வழக்கில் இது வலுவான துணை.

சீருடை சாதியை மறைக்கிறதே?

நம் இயக்கத் தோழர்கள் சிலரே முன்வைக்கும் எதிர்வாதம் ஒன்று உண்டு. சீருடை சாதியையும் வறுமையையும் மறைக்கிறது. ஆகவே தலித் பிள்ளைகளுக்கு அது கவசம் என்கிறார்கள். இதைப் புறந்தள்ள முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரும் அவரது தங்கையும் வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. ஆதிக்கத்தின் அடையாளங்களைக் களையும் அப்பரிந்துரையை நாமும் ஆதரித்தோம்.

ஆனால் பள்ளியும் ஆலையும் ஒன்றல்ல. பள்ளிச் சீருடை மாணவர்களை ஒருவருக்கொருவர் சமமாக்க முயல்கிறது. ஆலையின் நிற வரிசை மேல், கீழ் என்று அடுக்குகிறது. ஆதிக்கச் சாதியின் கயிறு அடுத்தவரை அச்சுறுத்துகிறது. அம்பேத்கர் பச்சை யாரையும் கீழே தள்ளுவதில்லை. இரண்டையும் ‘சாதி அடையாளம்’ என்ற ஒரே சொல்லில் அடைத்துத் தடை செய்யும் நிறுவனம், நடுநிலை என்ற பெயரில் பாதிக்கப்பட்டவரின் பேச்சையே நிறுத்துகிறது. அண்ணல் கோட்டும் சூட்டும் அணிந்தது தற்செயலன்று என்பதை நம் பிள்ளைகள் அறிந்தே அவர் உருவத்தைக் கையில் ஏந்துகிறார்கள்.

செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்ட இளந்தொழிலாளரும் குடும்பமும் முதலில் சான்றுகளைச் சேர்க்க வேண்டும். ஊதியச் சீட்டு, அபராதம் எழுதிய தாள், அறிவிப்புப் பலகையின் படம், சூப்பர்வைசர் அனுப்பிய குரல் பதிவு ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். வயதுச் சான்றாகப் பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ கையில் இருக்கட்டும். நிறுவனம் எழுதிக்கொண்ட வயதும் உண்மை வயதும் வேறுபட்டால், அதுவே முதன்மைப் புகார் ஆகிவிடும்.

18 வயதுக்குட்பட்டவர் ஆபத்தில் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், சாதிக் கொடுமைக்கு 14566 என்ற தேசிய உதவி எண்ணையும் அழைக்கலாம். கூலிப் பிடித்தம் குறித்துத் தொழிலாளர் துறையிடம் எழுத்தில் மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தால், தனி ஆளாக மனுச் செய்யாமல் சங்கத்தின் வழியாகச் செய்வது நல்லது.

சங்கத்தின் வலிமைக்குத் திண்டுக்கல் சான்று. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டதை அடுத்து, தலித் பெண்களின் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடியது. அதன் விளைவாக 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் உலக ஆடை நிறுவனங்களுடனும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாலின வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் ஒருசேரப் பணியிடப் பிரச்சினைகளாக ஏற்ற ஒப்பந்தம் அது. தளத்தில் நடப்பதைத் தொழிலாளர்களே கண்காணித்து முறையிட அது வழிசெய்தது.

இத்தகைய ஒப்பந்தங்களில் உடை குறித்தும் ஒரு பிரிவு இடம்பெற வேண்டும் என்பது நம் கோரிக்கை. பாதுகாப்பு உடையை நிறுவனமே இலவசமாகத் தர வேண்டும். காரணம் எழுதப்படாத விதி செல்லாது என்று அறிவிக்க வேண்டும். ஷெட்டுக்கு வெளியே எந்த உடை விதியும் கூடாது. உடைக்காக அபராதமோ பகிரங்கக் கண்டிப்போ கூடாது. 18 வயதுக்குட்பட்டோரை ஆய்வாளர் உடனே அறியும்படி பதிவேடும் அடையாள அட்டையும் தளத்திலேயே இருக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வுக்குச் செல்லும்போது தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றச் சொல்லி ஒவ்வொருவரின் பெயரையும் வயதையும் கேட்க வேண்டும். அந்தச் சிறுமிக்குப் பள்ளியில் இருக்கும் உரிமை முதலில் உறுதியாக வேண்டும். குடும்ப நிலையால் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்றால், அவள் தன் பெயரோடும் தன் தோற்றத்தோடும் வந்து போகும் இடமாக அது இருக்க வேண்டும்.